வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

எங்கள் மாடியில் இருக்கும் செம்பருத்திக்குப் பங்குனி பிறந்தால் மாவுப்பூச்சி வந்துவிடும். கொழுந்து சுருளும், மொட்டுக் காம்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொள்ளும், கீழே தரை பிசுபிசுக்கும். ஒரு பழைய டூத்பிரஷ், ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர். உட்கார்ந்து தேய்த்து எடுப்பதுதான் வழக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு நீளத்தில் ஒன்று கண்ணில் பட்டது. உடம்பு முழுக்க வெள்ளைச் சடை தொங்கியது. "இதுதான் இத்தனைக்கும் ஆத்தாவா இருக்கும்" என்றார் பின்னால் நின்ற அம்மா. பிரஷைக் கொண்டுபோனேன். அது ஓடியது.

மாவுப்பூச்சி ஓடாது. குச்சியால் நெண்டினாலும், நகரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் மெல்ல அசையும், அவ்வளவுதான். இதுவோ விறுவிறுவென்று கிளையின் மறுபக்கத்துக்குப் போய், அங்கே இருந்த மாவுப்பூச்சி ஒன்றின் மேல் தலையைக் கவிழ்த்தது. கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், தின்றுகொண்டிருக்கிறது.

அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. வளர்ந்த வண்டு 4 மில்லிமீட்டர் இருக்கும். உடம்பு கறுப்பு, தலையும் வால்முனையும் ஆரஞ்சு. பிறந்த நாடு ஆஸ்திரேலியா. காப்பிச் செடியில் வந்த செதில்பூச்சியைத் தின்னட்டும் என்று 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் பெரிதாகச் சோபிக்கவில்லை. அதற்குப் பிடித்த சாப்பாடு மாவுப்பூச்சிதான், அது இங்கே தாராளமாகக் கிடைத்தது, தங்கிவிட்டது. இன்றைக்கு ஆய்வகங்களில் பரங்கிக்காயின் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தீனியாகப் போட்டு இந்த வண்டை வளர்த்து, திராட்சைத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் கொடுக்கிறார்கள். விவசாயிகள் காசு கொடுத்து வாங்கும் பூச்சியை நான் டூத்பிரஷால் நசுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முன்னால் எத்தனையை நசுக்கியிருப்பேனோ.

அதன் வெள்ளை வேஷம் நம்மை ஏமாற்ற வந்ததல்ல. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் அதை மாடு மேய்ப்பதுபோல் காவல் காக்கின்றன. வேட்டைக்கு வருபவனை விரட்டும். மெழுகுச் சடையைப் போர்த்திக்கொண்டு போனால் எறும்பின் தொல்லை குறைகிறது. எறும்பிடம் பலிக்கிற வேஷம் நம்மிடமும் பலித்துவிடுகிறது, அதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

யோசித்துப் பார்த்தால் தப்பு நாம் பூச்சியைக் கற்றுக்கொண்ட விதத்தில் இருக்கிறது. பொறிவண்டு என்றதும் நமக்குத் தெரிவது சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளி. பள்ளிப் புத்தகத்திலும் குழந்தைகளின் பையிலும் இருக்கும் அந்தப் படம் வளர்ந்த பூச்சியின் படம். ஆனால் தோட்டத்தில் பெருந்தீனி தின்பது அதன் பிள்ளைப் பருவம். பொறிவண்டின் புழுவுக்குத் தாயின் சாயலே கிடையாது. கருஞ்சாம்பல் உடம்பு, அங்கங்கே மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் திட்டு, முன்பக்கம் ஆறு கால், பின்னால் ஒடுங்கிப்போகும் வால். சுருக்கமாகச் சொன்னால் அரிசிமணி அளவில் ஒரு முதலை. கூட்டுப்புழுவாகும்போது இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஏதோ நோய்த்திட்டு என்று இலையோடு கிள்ளி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அசுவினி என்ற செடிப்பேன் மொய்த்த அவரைக் கொடியில் இந்த முதலைகள் நாலு இருந்தால், வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் காலி செய்துவிடும். அந்தக் கொடிக்கு நீங்கள் எதுவும் அடிக்க வேண்டாம்.

சரி, பொறிவண்டு என்றாலே நண்பன்தானா? கத்தரி போட்டவர்களைக் கேளுங்கள். எபிலாக்னா என்ற இன்னொரு பொறிவண்டு இருக்கிறது, முதுகில் 28 புள்ளி வரை இருக்கும். அதே குடும்பம், ஆனால் இது சைவம். கத்தரி இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, நரம்பை மட்டும் விட்டு, இலையைச் சல்லடையாக்கிவிடும். இதன் உறவுக்காரன் ஒன்று பாகற்கொடியிலும் அதே வேலையைச் செய்யும். நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவினதுபோல் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய ரோமம் படர்ந்திருப்பதால் மங்கலாக, தூசி படிந்த செம்பு நிறத்தில் இருக்கும். புழுவும் வேறு மாதிரி: மஞ்சள் உடம்பு, கிளைகிளையாய் முள்.

முட்டையில்தான் சிக்கல். இரண்டுமே மஞ்சள், இரண்டுமே சிறு சிறு மணிகளை நிறுத்தி வைத்ததுபோல் கூட்டமாக இருக்கும். முட்டையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அசுவினிக் கூட்டத்தின் நடுவில் அல்லது ஓரத்தில் முட்டை இருந்தால், பிள்ளைகள் கண் விழித்ததும் சாப்பிடட்டும் என்று தாய் தேர்ந்தெடுத்த இடம் அது. அசுவினியே இல்லாத கத்தரி இலையின் அடியில் இருந்தால், அந்தப் பிள்ளைகளின் சாப்பாடு இலைதான்.

தெரியாத பூச்சியை அடையாளம் காண எனக்குப் பயன்பட்ட ஒரே திறவுகோல் இதுதான். முகத்தைப் பார்த்துப் பெயரைத் தேடுவதைவிட, அது யாரோடு இருக்கிறது, என்ன செய்கிறது என்று பத்து நிமிடம் பார்ப்பது. செடியைத் தின்கிறவனுக்கு அவசரம் கிடையாது, அவன் சாப்பாடு ஓடாது. அதனால் கூட்டமாக, சோம்பலாக ஓரிடத்தில் கிடப்பான். வேட்டையாடுகிறவன் பெரும்பாலும் தனியாள், இலைக்கு இலை தேடி அலைவான். விதிவிலக்கு உண்டு. தேனீ மாதிரி மஞ்சள் பட்டையோடு காற்றில் ஓரிடத்தில் நின்று பறக்கும் ஒரு ஈ இருக்கிறது. சிர்பிட் ஈ என்பார்கள். தேனீக்கு நாலு இறக்கை, இதற்கு இரண்டுதான், கொட்டவும் தெரியாது. இதன் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. பச்சைச் சளித்துண்டுபோல் இலையில் கிடந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவி, தட்டுப்படும் அசுவினியைத் தூக்கிப் பிடித்து உறிஞ்சி, தோலைக் கீழே போடும். முதலில் பார்க்கும்போது அருவருப்பாகத்தான் இருக்கும்.

குத்தி உறிஞ்சும் வாயுள்ள நாவாய்ப்பூச்சிகளில் யார் எவர் என்று தெரிய வேண்டுமானால் வாயைப் பார்க்க வேண்டும். சாறு உறிஞ்சுகிறவற்றுக்கு ஊசிபோல் நீண்ட மெல்லிய குழல், வயிற்றோடு ஒட்டி மடங்கியிருக்கும். இரை பிடிக்கும் கொலைகார நாவாய்ப்பூச்சிக்குக் குட்டையான, தடித்த, கொக்கியாய் வளைந்த அலகு. கையில் எடுத்துப் பார்க்காதீர்கள், குத்தினால் குளவி கொட்டினதுபோல் வலிக்கும். வெண்டைக்காயிலும் இலவ மரத்தடியிலும் ஜோடி ஜோடியாய் ஒட்டித் திரியும் சிவப்புப் பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய அதே சிவப்பில், கொஞ்சம் தடித்து, தனியே ஒன்று நடந்தால் நின்று கவனியுங்கள். ஆன்டிலோக்கஸ் என்ற அந்தப் பங்காளி, மற்றவற்றைக் குத்தித் தின்ன வந்திருக்கலாம்.

பார்த்தும் தெரியவில்லையா? ஒரு வழி உண்டு. இந்தோனேசியாவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி பெருகி வயல் வயலாய்க் கருகியது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் அதிகமானது. புகையானைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் முதலில் செத்தன, தண்டுக்குள் முட்டையாக இருந்த புகையான் தப்பித்துக்கொண்டது. 1986-இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. 1989-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, கண்ட பூச்சியை எல்லாம் எண்ணி, படம் வரைவார்கள். பெயர் தெரியாததை, சந்தேகப்படும் இரையோடும் ஒரு இலையோடும் சேர்த்துக் கூண்டில் போட்டு வைப்பார்கள். மறுநாள் யார் மிச்சம் இருக்கிறார் என்று பார்த்தால் தீர்ந்தது. அகலவாய் பாட்டிலும் ஒரு துண்டு வலைத்துணியும் இருந்தால் மாடியிலும் செய்யலாம். என் மாடியில் இந்தச் சோதனையில் விடுதலையானது ஒரு நடக்கும் குப்பை. நிஜமாகவே குப்பைதான்: செத்த பூச்சியின் தோல், மெழுகு, நூல், தூசி எல்லாம் சேர்ந்த ஒரு சிறு உருண்டை செம்பருத்தியில் நடந்துகொண்டிருந்தது. பாட்டிலில் போட்ட பத்து மாவுப்பூச்சியில் காலையில் மூன்றுதான் இருந்தன. குப்பைக்கு அடியில் இருந்தது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, தின்றதின் தோலையே முதுகில் அடுக்கிக்கொண்டு திரியும் ஒரு வகை.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையை ஒருமுறை பார்த்தால் மறக்காது. இலையில், கம்பியில், சில நேரம் துணி உலர்த்தும் கயிற்றில்கூட, தலைமுடிபோல் மெல்லிய காம்பு நிற்கும், அதன் நுனியில் ஒரு வெண்முட்டை. தாய் ஒரு சொட்டு பசையை வைத்து, வயிற்றை மேலே தூக்கி இழுத்து, அது இறுகியதும் நுனியில் முட்டையை வைத்துவிட்டுப் போகும். எறும்பு எட்டக்கூடாது, முதலில் பொரித்த பிள்ளை பக்கத்து முட்டையைத் தின்றுவிடவும் கூடாது. பூஞ்சை என்று நினைத்து நம்மவர்கள் துடைத்துவிடுகிறார்கள். கொரியாவிலும் சீனாவிலும் எதிர்மாதிரி: 3,000 வருடத்துக்கு ஒருமுறை மலரும் உதும்பரப் பூ என்று புத்தர் சிலையில் இருந்த இதே முட்டையைக் கும்பிட்ட செய்திகள் வந்திருக்கின்றன. தப்பாகத்தான் அடையாளம் கண்டார்கள். ஆனால் துடைக்கவில்லையே.

குளவி விஷயத்தில் நம் முன்னோர்களும் அப்படித்தான், பார்த்தது சரி, முடிவு தலைகீழ். 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று சொல்லாத வாத்தியார் உண்டா? சுவரில் மண்கூடு கட்டுகிறது, பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே திணிக்கிறது, வாயை அடைக்கிறது. சில நாளில் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. வேறு என்ன நினைப்பார்கள்? நடந்தது வேறு. தாய்க்குளவி கொட்டியது புழுவை முடக்க. சாகாமல், அசையாமல், கெடாமல் கிடக்கும் அந்தப் புழு, கூட்டுக்குள் இட்ட முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு. சில மண்குளவிகள் புழுவுக்குப் பதில் சிலந்தியைப் பிடித்து அடைக்கும். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று கலைக்க விடமாட்டார் எங்கள் பாட்டி. காரணம் எதுவானாலும் பலன் தோட்டத்துக்குத்தான். தனியாகக் கூடு கட்டும் இந்தக் குளவிகள் கூட்டைக் காக்கச் சண்டைக்கு வருவதில்லை. மரத்தில் காகிதக் கூடு கட்டிக் கூட்டமாய் வாழும் கதண்டு வேறு சங்கதி, அதன் கொட்டில் உயிர் போயிருக்கிறது. அதற்குத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதே சரி, கல்லும் தீப்பந்தமும் வேண்டாம்.

மண்குளவியாவது கண்ணுக்குத் தெரிகிறது. தோட்டத்தில் பெரும்பங்கு வேலை செய்யும் குளவிகள் கொசுவைவிடச் சின்னவை. இவற்றை நேரில் பார்ப்பது அபூர்வம், செய்துவிட்டுப் போன வேலையைத்தான் பார்க்க முடியும். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பாக, காகிதம்போல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகில் வட்டமாக மூடி திறந்ததுபோல் ஓட்டை இருந்தால் உள்ளேயிருந்த குளவி வெளியேறிவிட்டது. ஓட்டை இல்லையென்றால் இன்னும் உள்ளே இருக்கிறது. அதேபோல் புழுவின் முதுகில் வெள்ளையாய் அரிசிமணிகள் ஒட்டியிருந்தால், "ஐயோ, முட்டையோடு திரிகிறது" என்று நசுக்கிவிடுகிறார்கள். புழு முட்டை போடாது. அவை அதன் உடம்பைத் தின்று வெளியே வந்த குளவிக் குஞ்சுகள் கட்டிய கூடு. அந்தப் புழு பாதி செத்தாகிவிட்டது, விட்டுவிட்டால் ஒரு படையே கிளம்பும்.

அந்தப் படை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளித் தோப்புகள் வெள்ளையடித்ததுபோல் ஆயின. பட்டுப்புழுவுக்கு வைத்த மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து பலிக்கவில்லை: உடம்பில் மெழுகு, முட்டையைச் சுற்றிப் பஞ்சுப்பை, இரண்டையும் தாண்டி மருந்து உள்ளே இறங்குவதில்லை. அந்தப் பூச்சி வந்தது, அதன் எதிரி அதனோடு வரவில்லை, சிக்கல் அதுதான். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைப் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மூன்றில் ஜெயித்தது அசிரோஃபேகஸ் பப்பாயே, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மஞ்சள் நிறக் குளவி. கூடவே சொன்ன ஒரே நிபந்தனை, மருந்து அடிப்பதை நிறுத்துங்கள் என்பதுதான். அடுத்த ஆண்டுக்குள் பப்பாளி மறுபடி காய்த்தது. பிறகு 2020-இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்து தமிழ்நாட்டுக்கும் பரவியபோது, அதே பாடம்: ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபேசி என்ற குளவியைக் கொண்டுவந்து 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

பப்பாளிக் காலத்தில் உள்ளூர்க்காரன் ஒருவனும் கை கொடுத்தான், அவனைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்பால்ஜிஸ் என்ற சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சி. அதன் புழு இலையைத் தொடாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும், தின்றதின் மெழுகையே மேலே பூசிக்கொள்ளும். ஆக, வெள்ளை வேஷக்காரர்களில் இன்னொருவன். கூட்டுப்புழுவானால் ஒரு விரல்நக அளவில் அச்சு அசல் குரங்கு முகம்: நெற்றி, கண், மூக்கு எல்லாம் இருக்கும். முதன்முதலில் பார்ப்பவர் கையிலிருந்து இலையை நழுவ விடுவது நிச்சயம்.

இயற்கை முறைக்காரர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. வேப்பெண்ணெய்தானே, இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல்தானே என்று வாரம் தவறாமல் செடியைக் குளிப்பாட்டுகிறார்கள். கடையில் வாங்கிய மருந்தைவிடப் பரவாயில்லை, சரி. ஆனால் சோப்பும் எண்ணெயும் மூச்சை அடைத்துக் கொல்லும்போது மெத்து உடம்புக்காரன் எல்லோரையும்தான் கொல்லும், பொறிவண்டுப் புழு உட்பட. மஞ்சள் ஒட்டுப்பொறியிலும் வெள்ளை ஈயோடு சிர்பிட் ஈயும் பொறிவண்டும் ஒட்டிக் கிடப்பதை யார் எண்ணுகிறார்கள்? நான் இப்போது செம்பருத்தியில் முதலில் கவனிப்பது எறும்பை. தொட்டிக்கும் தரைக்கும் இடையிலான வழியை அடைத்து, எறும்பு ஏறாமல் செய்துவிட்டு, மாவுப்பூச்சி மொய்த்த நுனியை மட்டும் பார்த்துப் பார்த்துக் கழுவுகிறேன். மற்றதைப் பத்து நாள் விட்டுவைக்கிறேன். காவல்காரன் போனால் வேட்டைக்காரன் வருகிறான்.

சேதத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதிலும் தப்பு நடக்கும். ரோஜா இலையின் ஓரத்தில் நாணயத்தை வைத்து வெட்டினதுபோல் சுத்தமான அரைவட்டம் இருந்தால், பெரும்பாலும் புழுவைத் தேடி மருந்து அடிப்பார்கள். புழு கடித்தால் ஓரம் கோணலாக இருக்கும், கீழே கறுப்பு எச்சம் கிடக்கும். அரைவட்டம் இலைவெட்டித் தேனீயின் கைவரிசை. வெட்டின துண்டைச் சுருட்டி ஏதாவது துளைக்குள் பிள்ளைக்குத் தொட்டில் செய்கிறது. நாலு இலை ஓரம் போனால் ரோஜா சாகாது, உங்கள் தோட்டத்துப் பூக்கள் காய்க்க அது உதவும்.

படம் எடுத்துக் கூகுள் லென்ஸில் போடுவது நல்லதுதான், நானும் செய்கிறேன். வளர்ந்த பூச்சி என்றால் பெரும்பாலும் கிட்டத்தில் வருகிறது, புழுவிலும் முட்டையிலும் சறுக்குகிறது. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் மனிதர்கள் பார்த்துச் சொல்வதால் இன்னும் நம்பலாம். ஆனால் மேலேயிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்தில் ஒன்று, எந்தச் செடி என்று தெரியும்படி ஒன்று, அளவுக்குப் பக்கத்தில் ஏதாவது வைத்து ஒன்று என எடுத்தால்தான் அவர்களாலும் எதையாவது சொல்ல முடியும். இலையின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள், பாதிக் கதை அங்கேதான்.

எல்லாப் பூச்சியும் நண்பன், எதிரி என்று இரண்டு பக்கமாய்ப் பிரிந்து நின்றுவிடுவதும் இல்லை. கும்பிடுபூச்சி அசட்டுத்தனமாய்த் தேனீயையும் பிடித்துத் தின்னும். கறிவேப்பிலையை மொட்டையடிக்கும், பறவை எச்சம்போல் கிடக்கும் புழு, மூன்று வாரத்தில் அழகான வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். குழம்புக்கா வண்ணத்துப்பூச்சிக்கா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு செடிக்கு ஒரு புழு என்று உடன்பாடு, மிச்சத்தை நாரத்தைச் செடிக்கு மாற்றிவிடுகிறோம். கறுப்பும் ஆரஞ்சும் பட்டை போட்ட கொப்புள வண்டு இன்னும் குழப்பம். அது செம்பருத்திப் பூவையும் வெண்டைப் பூவையும் இதழ் இதழாய்த் தின்னும், நசுக்கினால் அதன் சாறு பட்ட தோல் கொப்புளிக்கும். ஆனால் அதன் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளியின் முட்டையைத் தின்று வளர்கின்றன. வயல்காரர் என்றால் யோசிக்க வேண்டும். என் மாடியில் வெட்டுக்கிளி முட்டையிட மண்ணே இல்லை, செம்பருத்தியோ பூவுக்காக வைத்தது. அதனால் கையுறை போட்டு எடுத்து, டப்பாவில் அடைத்துப் பக்கத்துக் காலிமனையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். அடுத்த வாரம் திரும்பி வந்துவிடுகிறது, அதே வண்டா வேறு வண்டா என்று அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை.